ரெண்டு டம்ளர் ஜீவசுடர்

பையில இருக்க அந்தப் பச்ச மூடி டப்பாவ கொஞ்சம் உள்ள தள்ளி வையி தாயி. சிஸ்டர் பாத்தாகன்னா உன்னையும் என்னையும் சேத்து வெளிய அனுப்பிருவாக. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்கியா? அந்த மூடிய கண்ண மூடிக்கிட்டுத் தடவுனாலும் சொல்லிருவேன். ஜீவசுடர் பொடி. அரைக்கிலோ. உள்ள ஒரு பச்ச ஸ்பூன் கெடக்கும்.

எதுத்த சுவத்துல தண்ணிக் கேனுக்கு மேல ஒரு நோட்டீசு ஒட்டிருக்கே, வாசிச்சியா? வாசிக்க வேண்டாம், எனக்கு மனப்பாடம். 'பொடி, சாறு, லேகியம், கசாயம் எதையும் இந்த வளாகத்தில் விற்கவோ நோயாளிகளுக்குக் கொடுக்கவோ கூடாது. மீறுபவர்களுக்கு அனுமதி இல்லை. இப்படிக்கு நிர்வாகம்.' அது எனக்காக அடிச்சு ஒட்டுனது. பேரு போடல, அம்புட்டுதான். இங்க எத்தனையோ பேரு வாராக, போறாக. யாருக்காச்சும் தனியா நோட்டீசு ஒட்டிருக்காகளா, நீயே சொல்லு.

உக்காரு, நின்னுக்கிட்டே இருக்க. உன் வீட்டுக்காரர இப்பத்தான டயாலிசிஸ் மிசின்ல போட்டுருக்காக, நாலு மணி நேரம் ஆகும். முத நாளு எல்லாரும் இப்படித்தான் கதவையே பாத்துக்கிட்டு நிப்பாக. நானும் நின்னவதான். பத்தாவது நாளு பாரு, நீயே துண்ட விரிச்சுப் போட்டு ஒறங்குவ.

எம்பேரு செண்பகவல்லி. ஊரு கோவில்பட்டி. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அம்மன் பேருதான். எங்க வீட்டுக்காரரு வீரபெருமாளு, ஆறாம் நம்பர் கட்டில்ல படுத்திருக்காரு. வெள்ள மீச, சொவரப் பாத்துக்கிட்டே கெடப்பாரு, அவருதான். செவ்வா, வியாழன், சனி, வாரத்துக்கு மூணு நாளு பஸ்ஸேறி இங்க திருநெல்வேலிக்கு வந்துருவோம். ரெண்டு வருசம் முடிஞ்சிட்டு. பிள்ள குட்டி கெடையாது எங்களுக்கு. அவருக்கு நான், எனக்கு அவரு.

கடலமிட்டாய்க் கடையில பாகு காய்ச்சுனவரு. முப்பது வருசம். பாகு பதம் பாக்க எல்லாரும் தட்டுல ஊத்தி இழுத்து, வெரல்ல தொட்டு, என்னெல்லாமோ செய்வாக. இவரு ஒரு கிண்ணத்துல தண்ணிய வச்சுக்கிட்டு ஒரு சொட்டு விடுவாரு. கரையுதா, உருளுதா, அடியில போயி டக்குனு கெட்டியா நிக்கான்னு பாப்பாரு. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாரு. தலைய ஆட்டுனா எறக்கணும், ஆட்டலன்னா இன்னும் கொதிக்கணும். வீட்லயும் அதே கததான். கல்யாணம் ஆன நாள்லருந்து நான் பேசுவேன், அவரு தலைய ஆட்டுவாரு. சம்மதம்னு நெனச்சுக்கிடுவேன்.

சுகரு, பிரசரு, அப்புறம் ரெண்டு கிட்னியும் போச்சு. சரி, போனது போச்சு, ஒண்ணு நம்ம தருவோம்னு நான் நிமிந்து நின்னேன். பரிசோதன எல்லாம் எடுத்தாக. ரத்தம் சேருது, எல்லாம் பொருந்துது. 'உங்க வயசுக்கு உங்க கிட்னி சின்னப் புள்ள கிட்னி மாதிரி இருக்கும்மா'ன்னு டாக்டரே சொன்னாரு. அந்தச் சீட்ட லேமினேசன் பண்ணி வச்சிருக்கேன், வீட்டுக்கு வந்தா காட்டுதேன்.

அவருக்கு ஒரு தங்கச்சி, ஆவுட. கயத்தாறுல அங்கன்வாடி டீச்சரு. அவளும் ஓடி வந்தா. 'மதினி, எனக்கும் அதே குரூப்புதான், நானும் பரிசோதன பண்ணிக்கிடுதேன், எதுக்கும் இருக்கட்டும்'னா. எனக்குச் சுருக்குனு வந்திட்டு. எம் புருசனுக்குக் குடுக்க நான் இருக்கும்போது இவ எதுக்கு? நாளைக்கு நல்லது கெட்டதுல, எங்கண்ணனுக்கு நான்தான் உசிரு குடுத்தேன்னு ஊரெல்லாம் தண்டோராப் போடவா? 'எங்க வீட்ல கிட்னிக்குப் பஞ்சம் வரல, நீ ஓம் பிள்ளைகளப் பாரு'ன்னு சொல்லி அனுப்பிட்டேன். மூஞ்சி செத்துப்போச்சு அவளுக்கு. போகட்டும்னு விட்டுட்டேன்.

இங்க ஒரு சின்ன டாக்டர் உண்டு. நீயும் பாப்ப, மீச இன்னும் ஒழுங்கா மொளைக்கல. அவரு ரத்தச் சீட்ட வச்சுக்கிட்டு, 'உங்க வீட்டுக்காரருக்கு உள்ள வீக்கம் ரொம்ப இருக்கும்மா, அது குறையாம கிட்னி மாத்த முடியாது'ன்னாரு. நான் உடனே குனிஞ்சு எங்க வீட்டுக்காரரு வேட்டிய வெலக்கி, கரண்டைக்கு மேல பெருவெரல வச்சு ஒரு அமுக்கு அமுக்குனேன். குழி விழல. 'எங்க டாக்டர் வீக்கம், நீங்களே அமுக்கிப் பாருங்க'ன்னேன். அந்த வீக்கம் இல்லியாம். ரத்தத்துலதான் தெரியுமாம். அதுக்குத் தமிழ்ல அழற்சின்னு பேராம்.

அத முதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதான? அலர்ஜின்னா எனக்குத் தெரியாதா? எங்க அம்மைக்குக் கருவாடு தின்னா ஒடம்பெல்லாம் தடிச்சிரும். அன்னைக்கே கத்தரிக்காய நிறுத்துனேன், கருவாட்ட நிறுத்துனேன், வீட்ல இருந்த பூனையக்கூட அந்தாக்குல பஸ் ஸ்டாண்டு பக்கம் கொண்டு விட்டுட்டு வந்தேன். கத்தரிக்காக் கொழம்புன்னா அந்த மனுசனுக்கு உசிரு. தலைய மட்டும் ஆட்டுனாரு. மறுமாசம் சீட்டு வந்தா, முன்னைக்கு இப்பக் கூடிருக்கு. 'கத்தரிக்காய எதுக்கும்மா நிறுத்துனீங்க'ன்னு டாக்டர் கேக்காரு. நீங்கதான அலர்ஜின்னீகன்னேன். கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிட்டே இருந்தாரு. தப்பு செஞ்சா யாருக்கும் வெக்கமா இருக்கத்தான செய்யும்.

நான் விடல. மஞ்சப் பொடி, மீன் எண்ணெய், என்னென்னமோ வைட்டமினு, இதுக்கெல்லாம் கொறயும்னு போன்ல போடுதாகளே, குடுக்கலாமான்னு கேட்டேன். அவரு என்ன சொல்லணும்? ஆமான்னு சொல்லணும், இல்ல இல்லன்னு சொல்லணும். 'நெறையப் பேரு ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்கம்மா. பலன் இருக்குன்னு உறுதியா சொல்ற அளவுக்கு இன்னும் தெரியல. எது குடுக்கறதா இருந்தாலும் என்கிட்ட காட்டிட்டுக் குடுங்க'ன்னாரு. தெரியலன்னு சொல்லுததுக்கு எதுக்கு தாயி இத்தன வருசப் படிப்பு? எனக்குந்தான் தெரியல, நான் கழுத்துல கொழாயத் தொங்கப் போட்டுக்கிட்டா திரியுதேன்?

எங்க ஜீவசுடர் லீடர் அருள்மொழி மேடம் பிளஸ் டூ. அவகளுக்குத் தெரியாதுன்னு ஒண்ணு கெடையாது. அதுதான் வித்தியாசம்.

எங்க தெருவுல துணி தைக்க ஒருத்தி கூட்டிட்டுப் போனா. மண்டபத்துல கூட்டம். வாசல்ல பன்னீர் தெளிச்சு, கையில ரோசாப்பூ குடுத்து, உள்ள கூட்டிட்டுப் போறாக. மேடம் பட்டுச்சேல கட்டி மைக்கப் பிடிச்சு நடந்துக்கிட்டே பேசுதாக. ஒடம்புல வார அம்புட்டு நோய்க்கும் உள்வீக்கந்தான் மூல காரணமாம், ஜீவசுடர் அத வேரோட பிடுங்கிருமாம். எனக்கு மேலெல்லாம் சிலுத்துட்டு. டாக்டர் சொன்ன அதே வார்த்த. அவரு வியாதியச் சொல்லி நிறுத்திட்டாரு, இவக வழியும் சொல்லுதாக. டாக்டர்ட்ட காட்டிட்டுக் குடுக்கணுமான்னு எந்திரிச்சுக் கேட்டேன். மேடம் சிரிச்சாக. 'இது மருந்தில்ல சகோதரி, உணவு. நீங்க இட்லி சாப்பிட டாக்டர்கிட்ட சீட்டு வாங்குவீங்களா?' மண்டபமே கை தட்டுச்சு. எனக்கும் சிரிப்பு வந்துட்டு. சரியான கேள்விதான?

டப்பாவ வீட்டுக்குக் கொண்டாந்து மேசையில வச்சேன். எங்க வீட்டுக்காரரு மூடியத் தொறந்து மோந்து பாத்தாரு. ஒரு கிண்ணத்துல தண்ணி எடுத்துட்டு வந்து ஒரு சிட்டிக தூவுனாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. மேல மெதக்குது ஒண்ணு, அடியில கருப்பா போயி நிக்கிது ஒண்ணு. 'கரையல'ன்னாரு. அவரு சொன்னது அந்த ஒத்த வார்த்ததான். கடலமிட்டாயும் இதுவும் ஒண்ணா, ஸ்பூன வச்சு நல்லாக் கலக்குனா எல்லாம் கரையும்னேன். தலைய ஆட்டுனாரு.

காலையில எந்திரிச்சதும் ரெண்டு டம்ளர். ஒண்ணு அவருக்கு, ஒண்ணு எனக்கு. எனக்கு எதுக்குன்னு கேளு. மேடந்தான் சொன்னாக. கிட்னி குடுக்கப் போற பொம்பள, உங்க கிட்னிய முதல்ல பலப்படுத்துங்க, அவருக்கு ஒரு ஸ்பூன்னா நீங்க ரெண்டு ஸ்பூன் எடுங்கன்னாக. சும்மாவே சின்னப் புள்ள கிட்னி. அதுக்கும் மேல சத்து ஏத்திக் குடுத்தா வேண்டாம்னா சொல்லும்? கல்யாணத்துக்குப் பொண்ணத் தேத்துற மாதிரி அந்தக் கிட்னியத் தேத்துனேன் தாயி. கசப்புன்னா கசப்பு, நாக்கு சுருங்கிப் போகும். ஒரு நாளு விடல. டம்ளர் அடியில கருப்பா மண்டி நிக்கும் பாரு, அதையும் வெரல விட்டு வழிச்சு நக்கிருவேன். சத்து எல்லாம் அடியிலதான நிக்கும்.

அவருக்குத் தண்ணி அளவு உண்டு. உனக்கும் இன்னைக்கு வெளிய வரும்போது சொல்லுவாக. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், சாப்பாட்டு ரசம் மோரு எல்லாம் சேத்து. கோவில்பட்டி வெயில்ல ஒரு லிட்டர் எந்த மூலைக்கு? மனுசன் ஐஸ் கட்டிய வாயில போட்டு ஒதுக்கிக்கிட்டு கெடப்பாரு. அந்த அளவுலருந்துதான் பொடிக்கும் ஒரு டம்ளர் எடுக்கணும். முத நாளு, 'அத வெறும் தண்ணியாத் தந்தா குடிப்பேன்'னாரு. வெறும் தண்ணியில என்ன சத்து இருக்கு? பொடியோடதான் தருவேன்னுட்டேன். மறுநாள்லருந்து டம்ளர எடுத்துக்கிட்டு கொல்லைக்குப் போயிருவாரு. நடந்துக்கிட்டே குடிச்சா எறங்குதும்பாரு. அஞ்சு நிமிசத்துல டம்ளரக் கழுவிக் கவுத்திருவாரு. நான் எங்க ஆவுடகிட்டகூட போன்ல சொன்னேன், ஒங்க அண்ணன் ஒரு வார்த்த மறுத்துப் பேசாமக் குடிக்காருன்னு. அவ என்ன கேட்டா தெரியுமா? 'அந்தப் பொடிய டாக்டர்ட்ட காட்டுனீகளா மதினி?' பொறாம. போன வச்சிட்டேன்.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். எங்க கொல்லையில ஒரு முருங்க நிக்கி. நாலு வருசமா பூக்கும், உதுந்திரும், ஒரு காயி பிடிக்காது. அந்த வருசம் காய்ச்சிது பாரு, கொப்பு தாங்கல. ஒண்ணொண்ணும் ஒரு மொழம். தெருவுக்கே குடுத்தேன். நேரம் நல்லாருந்தா மரமும் கேக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அது கெடக்கட்டும்.

பத்து மாசம் ஆச்சு. சின்ன டாக்டர் ஒரு நாளு எங்க வீட்டுக்காரர வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்திருக்காரு. கடைவாயில ரெண்டு பல்லு சொத்த, ஈறெல்லாம் சீழு. முப்பது வருசம் பாகு ருசி பாத்த வாயில்லா. வலின்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல. உடனே பல் டாக்டர்ட்ட அனுப்பி ரெண்டையும் பிடுங்கி, மாத்திர குடுத்தாக. ஆறு வாரம் கழிச்சு ரத்தச் சீட்டு வந்துச்சு பாரு, அந்த வீக்கமோ அலர்ஜியோ, மளமளன்னு எறங்கிட்டு. டாக்டருக்கு வாயெல்லாம் சிரிப்பு, பல்லுதான் காரணம், இனி ஆபரேசனுக்கு நாள் குறிக்கலாம்ங்காரு.

பல்லுக்கும் கிட்னிக்கும் என்ன தாயி சம்பந்தம்? பல்லு வாயில இருக்கு, கிட்னி முதுகுல இருக்கு. பத்து மாசம் காலையில எந்திரிச்சுப் பொடி கலக்குனவ நான். ரெண்டு பல்லப் பிடுங்கிட்டு பேரு அவரு வாங்கிக்கிடுதாரு. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கததான். நேர மேடத்துக்குப் போன் அடிச்சேன்.

அடுத்த கூட்டத்துலயே என்ன மேடைக்குக் கூப்பிட்டாக. 'நம்ம ஜீவசுடர் குடும்பத்தின் சாதனையாளர் செண்பகவல்லி மேடம் அவர்களை அன்போடு அழைக்கிறோம்.' எனக்கு ஐம்பத்தி மூணு வயசு ஆவுது. இதுவரைக்கும் என்ன ஏட்டின்னு கூப்பிட்டிருக்காக, பாகு மாஸ்டர் பொண்டாட்டின்னு கூப்பிட்டிருக்காக. பிள்ள இல்லாதவன்னு முதுகுக்குப் பின்னால சொல்லிருக்காக. மேடம்னு ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. மேடையில ஏறும்போது அழுதுட்டேன், மறைக்க என்ன இருக்கு. பொன்னாட போத்துனாக. எங்க வீட்டுக்காரரயும் மேல ஏத்தி மைக்கக் குடுத்து, பொடியப் பத்தி நாலு வார்த்த பேசச் சொன்னாக. அவரு அந்த மைக்க கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் என்னப் பாத்தாரு. 'எல்லாம் இவ கைராசி'ன்னாரு. மண்டபம் இடிஞ்சு விழுந்த மாதிரி கை தட்டுனாக.

அதுக்கப்புறம் நான் சும்மா இருப்பேனா? இதே பெஞ்சுலதான் உக்காந்து பேசுனேன். எனக்குக் கீழ பதினேழு பேரு சேந்தாக. உனக்கு டப்பா குடுத்தது யாரு, சித்தி மகளா? சாத்தூர்க்காரியா? ம். பதினேழுல ஒருத்திக்குக் கீழ ஒருத்தியா இருப்பா. நாலாம் நம்பர் கட்டில்ல ஒரு வாத்தியாரு கெடந்தாரு, அவரு பொண்டாட்டிக்கும் குடுத்தேன். ரெண்டாவது வாரம் வாத்தியாருக்கு நெஞ்சு தாறுமாறா அடிச்சு, தூக்கிட்டுப் போயி தீவிர சிகிச்சையில போட்டாக. பிழைச்சுட்டாரு. ரத்தத்துல பொட்டாசியம் ஏறிட்டாம், பொடிதான் காரணமாம். அவரு வாழப்பழம் திங்கத நானே கண்ணால பாத்திருக்கேன், அத யாரு கேக்கா? அன்னைக்கு ஒட்டுனதுதான் அந்த நோட்டீசு.

அதுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியிருந்தே எனக்கு ஒண்ணுக்குப் போனா நொர நொரயா வந்துச்சு. சோப்புத் தண்ணி மாதிரி. மேடத்துட்ட கேட்டேன், கழிவெல்லாம் வெளியேறுது, சந்தோசப்படுங்கன்னாக. சந்தோசப்பட்டேன். பெறவு காலு கனத்துச்சு. செருப்பு ஏறல. பொடி வேல செய்யுது, இன்னொரு ஸ்பூன் கூட்டுங்கன்னாக. கூட்டுனேன்.

ஆபரேசனுக்கு மூணு வாரம் இருக்கும்போது எனக்கு மறுபடியும் பரிசோதன எடுத்தாக. சின்ன டாக்டர் சீட்டப் பாக்காரு, என்னப் பாக்காரு, மறுபடியும் சீட்டப் பாக்காரு. வேற ஆளு சீட்டு மாறி வந்துட்டோன்னு பேர வாசிச்சுப் பாத்தாரு. எம் பேருதான். 'அம்மா, நீங்க என்ன மருந்து சாப்பிடுறீங்க?' ஒண்ணும் இல்ல டாக்டர்னேன். நாட்டு மருந்து, லேகியம், வலி மாத்திர? சத்தியமா மருந்துன்னு ஒண்ணத் தொட்டதில்ல டாக்டர்னேன். பொய்யில்ல தாயி. அது உணவுல்லா.

நாற்காலியில உக்காந்திருந்த எங்க வீட்டுக்காரருதான் வாயத் தொறந்தாரு. 'பொடி ஒண்ணு வீட்ல இருக்கு டாக்டர். பச்ச மூடி.'

டாக்டர் கத்தல. கத்திருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்த கேட்டிருப்பேன். தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. என் கிட்னி ரெண்டும் கெட்டுட்டு இருக்காம். இனிமே எடுத்து இன்னொருத்தருக்கு வைக்க முடியாதாம். எனக்கே இருக்கது போதுமான்னு பாக்கணுமாம். டப்பாவ லேபுக்கு அனுப்புனாக, பாதரசம் இருக்குன்னு வந்துச்சு. அப்புறந்தான் டாக்டர் எங்க வீட்டுக்காரருக்கும் அவசரமா எல்லாம் சோதிச்சாரு, அவரும் பத்துப் பன்னெண்டு மாசம் குடிச்சவருல்லா. அவரு ரத்தத்துல ஒண்ணும் இல்ல. பொடி இருந்த தடமே இல்ல. மிசின் பொய் சொல்லுது பாருங்கன்னு நான் குதிச்சேன். ஒரே டப்பா, ஒரே ஸ்பூன், ஒரே தண்ணி, எனக்கு மட்டும் எப்படின்னு கேட்டேன்.

வெளிய வந்து இந்த பெஞ்சுலதான் உக்காந்தோம். நீ இருக்க எடத்துல அவரு. அந்தக் கதவப் பாத்துக்கிட்டே சொன்னாரு. 'நான் குடிக்கல செண்பகம். ஒரு நாளும் குடிக்கல. முருங்கையில ஊத்திருவேன்.'

எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான, சண்ட போட வேண்டியதுதான, டம்ளரத் தூக்கி எறிய வேண்டியதுதானன்னு கேக்கேன். 'நீ ஆசையா கலக்கித் தாற. மேடையில உன்ன மேடம்னு கூப்பிடுதாக. நான் என்னத்தச் சொல்ல'ன்னாரு. அப்ப என்ன மட்டும் குடிக்க விட்டுட்டீகளேன்னு கேட்டேன். அப்பத்தான் தாயி என்னத் திரும்பிப் பாத்தாரு. அந்த மொகத்த நான் மறக்க மாட்டேன்.

'நீயும் எங்கயாவது ஊத்திருவேன்னுல்லா நெனச்சேன்'னாரு. 'கரையலன்னு அன்னைக்கே உங்கிட்ட காட்டுனேன்லா. அதப் பாத்த பெறவும் ஒருத்தி குடிப்பான்னு எனக்குத் தோணல.'

பன்னெண்டு மாசம். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாக. மனுசன் அளந்துதான் ஊத்திருக்காரு. எனக்குப் பொடி போனதுல வருத்தம் இல்ல. ஐஸ் கட்டிய வாயில ஒதுக்கிக்கிட்டுக் கெடந்த மனுசன், தாகத்துக்கு இருந்த ஒரு டம்ளர் தண்ணிய, என் மனசு நோகக் கூடாதுன்னு தெனமும் மரத்துக்கு வார்த்திருக்காரு. அதுதான் வருத்தம். ஆனாலும் ஒண்ணு சொல்லுதேன், நீ சிரிக்கக் கூடாது. நாலு வருசம் காய்க்காத முருங்க அது. அப்ப அந்தப் பொடியில என்னமோ ஒரு சத்து இருக்கத்தான செய்யிது? டாக்டர்ட்ட இதையும் கேட்டேன். பழையபடி கண்ண மூடிக்கிட்டாரு.

மேடத்துக்குப் போன் போட்டேன், எடுக்கல. மூணாம் நாளு வாட்ஸப் குரூப்பத் தொறந்து பாத்தா என்ன வெளிய தூக்கிருக்காக. என் போட்டோவ மட்டும் எடுக்கல. பொன்னாடையோட நிக்கேன் இன்னும், 'கணவரைக் காத்த காரிகை'ன்னு கீழ எழுதி. உன் சித்தி மகளும் அதத்தான் காட்டிருப்பா. காட்டுனாளா? நல்லாப் பாரு, நான்தான அது? அப்பக் கொஞ்சம் மொகம் தெளிவா இருந்தேன்.

பெறவு கயத்தாறுக்குப் போனேன். என் கால் ரெண்டும் என்னத் தூக்கிட்டுப் போன அழகு எனக்குத்தான் தெரியும். ஆவுட வாசல்லயே நின்னா. அவகிட்ட எப்படிக் கேக்கன்னு வழியெல்லாம் யோசிச்சுட்டுப் போனேன், கேக்க விடல அவ. நேர உள்ள போயி சீட்ட எடுத்து வந்தா. என் கிட்னி கெட்டுட்டுன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே பரிசோதனைக்குப் போயிருக்கா. சுகர் வந்துட்டு அவளுக்கு, எடுக்க முடியாதுன்னுட்டாகளாம். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இருந்துச்சான்னு கேட்டேன். 'அப்ப இல்ல மதினி'ன்னா. காப்பி போட்டுத் தந்தா. நாலு வார்த்த ஏசிருந்தா ஆறிருக்கும்.

இப்ப அரசாங்கப் பட்டியல்ல அவரு பேரு இருக்கு. யாராச்சும் சாகணும், அவக வீட்டு ஆளுக மனசு எறங்கணும், ரத்தம் சேரணும், இவரு அதுவரைக்கும் இருக்கணும். காத்துக்கிட்டு இருக்கோம். வீட்ல இன்னைக்கும் காலையில ரெண்டு டம்ளர்தான். வெறும் தண்ணி. அவரு டம்ளர நான் அளந்து குடுக்கேன், என் டம்ளர அவரு அளந்து குடுக்காரு. எனக்கும் அளவு போட்டாச்சு.

இங்க பாரு, என் கரண்டைக்கு மேல உன் பெருவெரல வச்சு அமுக்கு. கூச்சப்படாத, நல்லா அமுக்கு. எடு இப்ப. குழி நிக்கா? நிக்கும். அன்னைக்கு அவரு கால்ல தேடுன வீக்கம், இப்ப எங்கிட்ட வந்து உக்காந்திருக்கு.

அந்தா, சிஸ்டர் கூப்பிடுதாக. இல்ல தாயி, அவருக்கு இல்ல, அவருக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. செண்பகவல்லின்னுதான கூப்பிட்டாக? டோக்கன் என்னுது. சும்மா ரத்தம் எடுக்கத்தான். மிசினெல்லாம் இப்ப வேண்டாமாம், பாப்போம்னு சொல்லிருக்காரு சின்ன டாக்டர். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுத ஆளுதான், பயமில்ல. கொஞ்சம் கையக் குடு, எந்திரிக்கேன். அவரு முழிச்சுக் கேட்டாருன்னா, வந்திருவான்னு சொல்லு.

அந்த டப்பாவ என்ன செய்யன்னா கேக்க? சித்தி மககிட்ட திருப்பிக் குடுக்காத, அவ இன்னொருத்திகிட்ட குடுத்திருவா. குப்பையில போடாத, யாராச்சும் எடுத்திருவாக.

உங்க வீட்ல முருங்க மரம் இருக்கா?